கனடா மாப்பிள்ளை ஏன் யோசித்தார்

தென்காசியில் இறங்கியபோது மழை பெய்கிறதா இல்லையா என்று எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. சட்டை நனைந்துகொண்டிருந்தது. ஆனால் ஒருவர் கையிலும் குடை இல்லை. ஆட்டோக்காரரிடம் மழையா என்று கேட்டேன். "மழையா? இது சாரல்லா சார்" என்றார். அவருடைய குடும்பத்தில் யாரையோ நான் பெயர் மாற்றிக் கூப்பிட்டுவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

நான் பிறந்தது சேலம். பல வருடங்களாக நார்வேயில், ட்ரொன்ட்ஹைம் என்ற ஊரில் வசிக்கிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி ஆராய்ச்சி. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதுபோல முகம் பார்த்துப் பேசவேண்டும். அந்த மென்பொருள் ஒரே கணினியில் இல்லாமல் பல ஊர்க் கணினிகளில் பிரிந்து கிடக்கவேண்டும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை தாங்கிப் பிடிக்கவேண்டும். இதுதான் என் வேலை. நார்வேயில் இதெல்லாம் பிரமாதமாக நடக்கிறது. அங்கே எதுதான் நடக்காது என்று எங்கள் துறைத்தலைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நெட் மோசமாகவும், சத்தம் அதிகமாகவும், ஜனங்கள் நிறையப் பேசுகிறவர்களாகவும் உள்ள ஓர் இடத்தில் சோதித்துவிட்டு வா என்றார். என்னோடு வேலை பார்க்கும் முருகன் உடனே கையைத் தூக்கினான். மூன்றும் சேர்ந்த ஊர் தனக்குத் தெரியும் என்றான். அது அவனுடைய சொந்த ஊர்.

முருகனின் சித்தப்பா சண்முகவேல் அண்ணாச்சியின் வீட்டில்தான் தங்கினேன். உரக்கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் வயலும் உண்டு. அவர் மனைவி கோமதி மதனி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டார். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியும் இஞ்சித் துவையலும். ட்ரொன்ட்ஹைமில் மத்தியானம் காகிதத்தில் சுற்றிய ரொட்டித்துண்டுகளை எடுத்து, கணினியைப் பார்த்துக்கொண்டே தின்றுவிட்டு எழுந்துவிடுவோம். அது சாப்பாடு அல்ல, சாப்பாட்டைப் பற்றிய ஒரு தகவல் என்பது சொதி இரண்டாம் முறை இலையில் விழுந்தபோது புரிந்தது.

வீட்டில் இன்னொருவர் மகள் உலகம்மாள். எல்லாருக்கும் உலகு. பக்கத்து ஊரில் அரசாங்க கால்நடை மருத்துவர். நான் போன நேரம் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்து, பின்வாசலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நீங்கள்தான் அந்த வீடியோ ஆராய்ச்சியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியென்றால் சாயங்காலம் வேடிக்கை பார்க்கலாம், இங்கேயே இருங்கள் என்றாள்.

சாயங்காலம் நடந்தது மாப்பிள்ளை பார்க்கும் நிகழ்ச்சி. மாப்பிள்ளை கணேஷ் கனடாவில் என்ஜினியர். பெற்றோர் செங்கோட்டையில். ஜாதகம் பொருந்தி, இரு வீட்டுப் பெரியவர்களும் சந்தித்துப் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் குடும்பத்தாரோடு முகம் பார்த்துப் பேசுவதுதான் பாக்கி. அண்ணாச்சி தன் கைபேசியை ஒரு செம்பில் சாய்த்து வைத்தார். குடும்பம் மொத்தமும் அதன் முன்னால் பள்ளிக்கூட போட்டோவுக்கு நிற்பதுபோல நெருக்கி உட்கார்ந்தது. நான் ஓரமாக ஒரு நாற்காலியில்.

அண்ணாச்சி சமையல் தெரியுமா என்று கேட்டார். படத்தில் கணேஷ் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி பிடிக்கவில்லையோ என்று நினைத்து அண்ணாச்சி அடுத்த கேள்விக்குப் போனார், குளிர் எப்படி என்று. அந்த நேரம் பார்த்து "தெரியும் மாமா" என்று பதில் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். மதனி, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். கணேஷ் அதற்கும் அசையாமல் பார்த்தான். பிறகு சிரித்தான். பிறகு பிடித்திருக்கிறது என்றான். அதற்குள் மதனியின் முகம் வாடிவிட்டது.

பேச்சு முடிந்ததும் வீட்டுக்குள் ஆலோசனை நடந்தது. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு யோசிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது மதனியின் கட்சி. பையன் நல்ல பையன், ஆனால் புத்தி கொஞ்சம் மந்தம் என்பது அண்ணாச்சியின் கட்சி. உலகு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "மாடே இதவிட சீக்கிரம் பதில் சொல்லுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் போகும்போது முகம் சரியில்லை. வந்த வரன்களில் இவன் ஒருவன்தான் குறுஞ்செய்தியில் அவள் வேலையைப் பற்றிக் கேட்டவனாம். மதனி பிறகு என்னிடம் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் துறையில் முதல் பாடமே இதுதான். குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமானால், கேட்கிறவர்கள் நெட்டைக் குறை சொல்லமாட்டார்கள், எதிரே இருக்கும் மனிதனைக் குறை சொல்வார்கள். அவன் யோசிக்கிறான், தயங்குகிறான், பொய் சொல்கிறான் என்று தோன்றும். இதை ஒரு தாளில் படம் வரைந்து அண்ணாச்சிக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப நம்ம பேச்சும் அங்கன பிந்தித்தான போயிருக்கும்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அவனும் நம்மளக் கோட்டிக்காரக் குடும்பம்னு நினைச்சிருப்பாம்லா?"

அப்படி நினைத்திருக்க வாய்ப்பு உண்டு என்றேன். அதுவரை நிதானமாக இருந்தவர் அப்போதுதான் கவலைப்பட்டார். உங்கள் மிஷினில் இந்தத் தாமதம் கிடையாதா என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும் என்று சொன்னேன். பல வருட உழைப்பு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மிஷினிலேயே பார்த்துவிடுவோம், அதிலும் பையன் யோசித்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு சொல்லிவிட்டு எழுந்தார். என் ஆராய்ச்சியை இதுவரை பேராசிரியர்கள்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் இவ்வளவு கறாரான நிபந்தனை வைத்ததில்லை.

மறுநாள் நான் வந்த வேலையைப் பார்க்கப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போனேன். அங்கிருந்து புளியங்குடி எலுமிச்சைச் சந்தையோடு பேசவைப்பது திட்டம். அண்ணாச்சிக்குத் தெரிந்த டெம்போவில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. இறங்கியதும் ஒரு டீ குடித்தேன். அந்த ஒரு டீக்குள் என் கருவிப்பெட்டியைத் தக்காளிப் பெட்டி என்று நினைத்துக் கேரளா போகும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரி நகர ஆரம்பித்ததும் நான் ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து சுமை தூக்குகிறவர்கள் ஓடினார்கள். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே இன்னும் பலர் ஓடினார்கள். ட்ரொன்ட்ஹைமில் நான் லாரி பின்னால் ஓடியிருந்தால், உடற்பயிற்சி செய்கிறார் என்று மரியாதையாக வழிவிட்டிருப்பார்கள்.

பெட்டி கிடைத்தது. சோதனைதான் கிடைக்கவில்லை. என் மென்பொருள் யார் பேசுகிறார் என்று கண்டுபிடித்து அவர் முகத்தைத் திரை முழுக்கக் காட்டும். நார்வேக்காரர்கள் ஒருவர் பேசி முடித்த பிறகு சற்று மௌனமாக இருப்பார்கள். அப்புறம் இன்னொருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ஆமாம் என்பார். அப்புறம்தான் அடுத்த பேச்சு. அந்த மௌனத்தை நம்பித்தான் என் நிரல் பிழைப்பு நடத்துகிறது. பாவூர்சத்திரத்தில் அப்படி ஒரு மௌனம் விளைவதே இல்லை. கத்தரிக்காய் வியாபாரி பேசும்போதே பூசணிக்காய் வியாபாரி பேசினார், இருவருக்கும் இருவர் பேசியதும் புரிந்தது. என் நிரலுக்கு மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகத் தாவித் தாவிப் பார்த்துவிட்டு, கடைசியில் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்துத் திரை முழுக்க நிறுத்திவிட்டது.

மறுமுனையில் புளியங்குடி வியாபாரிகள் ஆட்டோவின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், கூட்டத்துக்குத் தலைவர் இந்த வண்டிதானா என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அன்றே நார்வேயில் இருந்த முருகனைப் போனில் அழைத்து அந்தப் பகுதியை நீக்கச் சொன்னேன். எல்லாரையும் ஒரே நேரத்தில் பேசவிடு, கேட்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன் என்றான் முருகன். சொல்லியிருப்பான். நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு அண்ணாச்சி வீட்டு நெட் தாங்காது. அவருடைய கூட்டாளி ஒருவருக்கு ஐந்தருவி போகும் வழியில் லாட்ஜ் இருந்தது, அங்கே நல்ல இணைப்பும் இருந்தது. ஆனால் ஜன்னலை மூடினாலும் அருவிச் சத்தம். அதைக் குரலிலிருந்து பிரித்து வெட்டவேண்டும் என்றால் முதலில் என் நிரலுக்கு அருவி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். அதற்காகச் சனிக்கிழமை மைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். ஆராய்ச்சிக்காக அருவிக்குப் போகிறேன் என்று துறைத்தலைவிக்குத் தகவல் அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

சீசன் கூட்டம். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்த கடைகளைத் தாண்டி, எண்ணெய் தேய்த்துவிடவா என்று கேட்டவர்களைத் தாண்டி, அருவிக்கு எதிரே ஒரு பாறையில் மைக்கை நிறுத்தினேன். காற்றுச் சத்தம் விழாமலிருக்க அதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ரோம உறை உண்டு. குல்லாய் போல இருக்கும். பதிவு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு தாய்க் குரங்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மைக்கை ஒரு மாதிரி பார்த்தது. நான் தடுப்பதற்குள் உறையை உருவிக்கொண்டு மரத்தில் ஏறி, மடியில் போட்டு, பரிவோடு பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. வாழைப்பழம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். குரங்கு இறங்கிவந்து பழத்தையும் வாங்கிக்கொண்டு, உறையை இன்னும் இறுக்கமாக அணைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. ஐந்தருவிக் கடைக்கார அம்மா ஒருவர், தன் பச்சப்புள்ளைன்னு நினைச்சிட்டு, விட்டுருங்க சார் என்றார். விட்டுவிட்டேன். திரும்பிப்போய்ச் சாமான் கணக்கு ஒப்பிக்கும்போது அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அதற்குப் பிறகு மைக்கைப் பையில் வைத்துவிட்டு அருவியில் தலையைக் கொடுத்தேன். யாரோ முதுகில் தொடர்ந்து தட்டித் தட்டி, எல்லாம் சரியாகிவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று உரக்கச் சொல்வது போலிருந்தது. குளித்த பசியில் செங்கோட்டைப் பக்கம் 'பார்டர்' என்று எல்லாரும் சொல்லும் கடைக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழிச் சால்னாவும் சாப்பிட்டேன். எத்தனை என்று சொல்லப்போவதில்லை.

ஞாயிறு சாயங்காலம் லாட்ஜில் இரண்டு குடும்பமும் கூடியது. கனடாவில் அப்போது காலை. பெரிய அறையில் சுவர் முழுக்கக் கணேஷைக் காட்ட ஏற்பாடு செய்திருந்தேன். அண்ணாச்சி அழைத்துவந்த சொந்தக்காரர்கள் அந்த அறைக்குள் அடங்கவில்லை. மீதிப் பேருக்காகச் சாப்பாட்டு அறையிலும் ஒரு திரை, ஒரு மைக், ஓர் ஒலிபெருக்கி வைத்து இணைத்தேன். மூன்று இடம், ஒரு கூட்டம். என் மென்பொருளுக்கு இது ஒன்றுமே இல்லை.

செங்கோட்டையிலிருந்து கணேஷின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். ஊரில் பி.டி. மாஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று மறுமூலைப் பையனை விரட்டிய குரல், ஓய்வு பெறவே இல்லை. அந்தக் குரலில், என் மகன் கனடாவில் வாங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது என்று லாட்ஜ் வாசலிலேயே எல்லாருக்கும் அறிவித்தார். அம்மா சிறிய உருவம். மலையாளம் கலந்த செங்கோட்டைத் தமிழில் மெதுவாகப் பேசினார். பேசினார் என்பதைவிட, மாஸ்டர் மூச்சு வாங்கிய இடங்களில் பேசினார் என்று சொல்லலாம்.

இணைப்பு கிடைத்தது. அண்ணாச்சி அதே கேள்வியில் ஆரம்பித்தார், சமையல் தெரியுமா என்று. கேட்டு முடித்த கையோடு பதில் வந்தது. சாம்பார் வரும், ரசம் வரும், சப்பாத்தி மட்டும் வட்டமாக வராது என்றான் கணேஷ். அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு உடனே அவனுக்குப் போய்ச் சேர்ந்து அவனும் சிரித்தான். இந்தப் பையனா அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தான் என்று மதனி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடக்கமாக இருக்க முயன்றேன்.

அப்போதுதான் என் கணினியில் ஒன்றைக் கவனித்தேன். மாஸ்டர் பேசும்போதெல்லாம் குரல் அளவைக் காட்டும் கோடு எழும்பாமல் தரையோடு படுத்துக் கிடந்தது. மனிதக் குரல் என்றால் நடுவே நிற்கும், மூச்சு விடும். இவர் குரல் ஒரே வேகத்தில், ஒரே கனத்தில், இடைவிடாமல் கொட்டியது. நேற்றுத்தான் அருவி என்றால் என்ன என்று கற்றுக்கொண்ட என் நிரல், இதுவும் அதுதான் என்று வெட்டிக்கொண்டிருந்தது. கனடாவில் கணேஷுக்கு அப்பாவின் வாய் அசைவது தெரியும், ஒரு வார்த்தை கேட்காது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாக, முழுசாக, பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இங்கே அறையில் மாஸ்டர் அந்தப் பதில்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

சரிசெய்ய விரல் விசைப்பலகைக்குப் போனது. கணேஷின் முகத்தைப் பார்த்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி கடைசிக் கேள்விக்கு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஏரி வீட்டில்தானே இருப்பீர்கள், அவளுக்கு விசா எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

கணேஷ் அசையாமல் பார்த்தான்.

அறையில் சிரிப்பு அடங்கியது. மதனி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் எழுந்து, நெட்டுதான், நெட்டு போயிட்டு, என் மகனுக்கு அதில் சந்தேகமே கிடையாது என்றார். கணேஷ் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சார், இது உங்க தாமதமா?"

என் எதிரே எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. தாமதம் இல்லை. இவ்வளவு நல்ல இணைப்பை நான் நார்வேயிலேயே அதிகம் பார்த்ததில்லை. நெட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு குடும்பமும் நிம்மதியாகத் தோசை சாப்பிடப் போகும். இதுவரை சம்பந்தம் பேசப்போன அனுபவம் எனக்கு இல்லை. தாமதம் பார்த்த அனுபவம்தான் உண்டு.

"இல்ல அண்ணாச்சி. லைன் சுத்தமா இருக்கு" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், பள்ளிக்கூடத்தில் நான் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. யார் முதலில் எழுந்து போவது என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். உலகு எழுந்தாள். நான் அவரோடு தனியாகப் பேசவேண்டும், நீங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிடுங்கள் என்றாள். அண்ணாச்சி ஏதோ சொல்ல வந்தார். மாடு உதைக்கும் என்று தெரிந்தால் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கிவிட்டார். எல்லாரும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். நானும் எழுந்தேன். நடுவில் கட் ஆனால் யார் பார்ப்பது, நீங்கள் இருங்கள் சார் என்றாள். கதவைச் சாத்திவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தேன்.

"உள்ளதச் சொல்லுங்க. அங்கன யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள் உலகு.

அதற்கு மட்டும் பதில் பாய்ந்து வந்தது. அப்படியெல்லாம் யாரும் இல்லவே இல்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் கனடாவ விட்டுட்டு வாரேன். திருவனந்தபுரத்துல வேலை பேசி முடிச்சாச்சு. அப்பாட்ட இன்னும் சொல்லல. ஊர் பூரா ஏரி வீடுன்னு சொல்லி வச்சிருக்காரு. அது வாடகை வீடு. உங்க வீட்டுலயும் கனடான்னுதான சரின்னாங்க. அதான் என்ன சொல்லன்னு தெரியல."

உலகு ஒன்றும் சொல்லவில்லை. திரையில் கணேஷ் காத்திருந்தான். பிறகு கேமராவை நெருங்கி வந்தான்.

"ஹலோ, கேக்குதா? நெட்டு போயிட்டா?"

"நெட்டு போவல" என்றாள் உலகு. "நான் யோசிக்கேன்."

அவன் மறுபடி நாற்காலியில் சாய்ந்தான். அவள் சொன்னாள்: "எனக்கு இங்கன வேலை இருக்கு. எவ்வளவோ படிச்சு வாங்குனது. அத விட்டுட்டுக் கனடாவுக்கு வர எனக்கு இஷ்டமில்ல. இன்னைக்கு அதச் சொல்லி, வேண்டாம்னு முடிக்கத்தான் வந்தேன்."

"இப்ப?" என்றான்.

"இப்ப என்ன. திருவனந்தபுரம் ரயில்ல போற தூரம்தான" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தமிழே தெரியாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன்.

அந்த நேரம் ஓர் இரைச்சல் கேட்டது. அருவியில் தண்ணீர் கூடிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு அது கதவுக்கு வெளியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. கணினியைப் பார்த்தேன். மூன்று இடங்களும் இணைப்பில் இருந்தன. சாப்பாட்டு அறையை நான் துண்டிக்கவே இல்லை. வாடகை வீடு முதல் ரயில்ல போற தூரம் வரை எல்லாமே அங்கே தோசையோடு பரிமாறப்பட்டிருந்தது. உலகிலேயே இந்தத் துறையில் மிகவும் சாதாரணமான தவறு இதுதான். இதைத் தவிர்ப்பது எப்படி என்று நான் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

உலகு என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "போட்டும் சார். இல்லன்னா இத நான் வேற போய் ஒருக்கச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

சாப்பாட்டு அறையில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஊரில் தலைகாட்ட முடியுமா, யாரைக் கேட்டு வேலையை விட்டான், வாடகை வீடு என்றால் அந்த ஏரி யாருடையது என்று கொட்டிக்கொண்டிருந்தார். அங்கே இருந்த திரையில் கணேஷ் தலை குனிந்திருந்தான். அவனுக்கு இதில் ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். வாய் அசைவைப் பார்த்தே அவன் எல்லாவற்றையும் ஊகித்திருப்பான். இத்தனை வருடப் பழக்கம்.

அண்ணாச்சி தன் மகளிடம், ஏட்டி, என்னிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றார். சொன்னேன், நீங்கள் அப்போது விசா பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். அவர் மதனியைப் பார்த்தார். மதனி, ஆமாம், சொன்னாள் என்றார்.

கணேஷின் அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். மாஸ்டர் மூச்சு வாங்கவில்லை. அம்மா அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

"என் மோன் வருதான்" என்றார். "இனி ஒருத்தரும் ஒண்ணும் பேசண்டாம்."

குரல் உயரவே இல்லை. மாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு உட்கார்ந்தார். சற்று நேரம் இலையைப் பார்த்துவிட்டு, இன்னொரு தோசை வேண்டும் என்று கையைக் காட்டினார். அப்போதுதான் மற்றவர்களும் தோசை ஆறிப்போயிருப்பதைக் கவனித்தார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று அன்றே பேசி முடித்தார்கள். ஏரி யாருடையது என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, தென்காசிப் பேருந்து நிலையத்தில் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நானும் குடை பிடிக்கவில்லை. மாஸ்டர் ஒரு பை நிறைய மங்குஸ்தானோடு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துப் பெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். பையை நீட்டினார்.

நேற்று அவர் பேசியது ஒன்றுமே தனக்குக் கேட்கவில்லை என்று கணேஷ் சொல்கிறானாம், அது எப்படி என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. மிஷின் உங்கள் குரலை அருவி என்று நினைத்து வெட்டிவிட்டது என்றேன்.

"எந்த அருவி?"

"ஐந்தருவி."

முகத்தில் வருத்தம் இருக்கும் என்று பார்த்தேன். சின்ன அருவி எதையும் சொல்லாமல் விட்டதில் திருப்திதான் தெரிந்தது. பிறகு, அவர் அளவுக்கு மெதுவான குரலில் பேசினார். பக்கத்துப் பேருந்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.

"அவன் நேத்துதான் சார் எங்கிட்ட முழுசாப் பேசுனான். நான் குறுக்கப் பேசுனது அவனுக்குக் கேக்கல. அதனாலதான் பேசிருக்கான். எனக்கு வாய மூட வராது. வயசு இவ்வளவு ஆயிட்டு, இனி எங்க. அந்த மிஷின்ல ஒண்ண என் போன்ல வச்சுத் தர முடியுமா?"

அதற்கு என் ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அவர் கைபேசியை வாங்கி, பேச்சின் நடுவே நம் குரலை மட்டும் நிறுத்தும் பொத்தானைக் காட்டினேன். இதை அமுக்கினால் அவன் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அவனுக்குக் கேட்காது என்றேன். இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. உடனே கணேஷை அழைத்தார். எப்படி இருக்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

கணேஷ் பேச ஆரம்பித்தான். வேலையை ஏன் விடுகிறான், அங்கே முதல் பனிக்காலம் எப்படி இருந்தது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனான். மாஸ்டரும் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதில் சொன்னார், பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கும்படி. இதச் சொல்றதுக்கு இவ்வளவு வருசமாலே என்றார். பனியில் கிடந்து கஷ்டப்பட்டதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே, கோட்டிப் பயல், என்றார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துனர் என்னை ஏறச் சொல்லி விசில் கொடுத்தார். மாஸ்டர் பேச்சை விடாமலே அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், பொறு என்று. மைதானத்தில் காட்டிய கை. நடத்துனர் பொறுத்தார்.

கணேஷ் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்திருப்பான் போலிருக்கிறது. கைபேசி சற்று நேரம் மௌனமாக இருந்தது. பிறகு அவன் குரல் சந்தேகத்தோடு வந்தது.

"அப்பா, இருக்கீங்களா?"

மாஸ்டர் சட்டென்று நிறுத்தினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். பொத்தானைத் தேடினார். நான் உதவ நீட்டிய கையை ஒதுக்கிவிட்டுத் தானே கண்டுபிடித்து அமுக்கினார்.

"இருக்கேம்யா. நீ சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடி அமுக்கினார்.